கோமளாவுக்கு வளைகாப்பு

ஆரணி,
25.8.2002

அன்புள்ள அபிதாவுக்கு,

குமரேசன் ஆசையுடன் எழுதிக்கொண்டது. இங்கே எல்லாரும் சுகம். உன் இருமல் நின்றதா என்பதை முதலில் எழுது. போன வியாழக்கிழமை டி.வி. தொடரில் மாவு சலித்துக்கொண்டே இரண்டு தடவை தொண்டையைச் செருமினாய். எல்லாரும் அதுவும் நடிப்பு என்று சிரித்தார்கள். தொண்டை கட்டினால் நீ இடது கையால் கழுத்தைப் பிடித்துக்கொள்வாய் என்று எனக்கல்லவா தெரியும். ஹாஸ்டலில் கஷாயம் வைக்க விடமாட்டார்கள் என்றால் ஒரு துண்டு சுக்கையாவது வாயில் அடக்கிக்கொள்.

போனில் பேசலாம்தான். ஹாஸ்டல்கார அம்மாள் பக்கத்திலேயே நிற்கிறாள் என்று நீ சொன்னதிலிருந்து எனக்கு வாயில் ஒன்றும் வருவதில்லை. சாப்பிட்டாயா, சாப்பிட்டேன், அவ்வளவுதான். கடிதத்தில் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

வியாழக்கிழமை எட்டு மணிக்கு நம் தெருவே நம் வீட்டில்தான். நீ வாங்கிக் கொடுத்த கலர் டி.வி.க்கு முன்னால் உட்கார இடம் இல்லாமல் தறிமேல் ஏறி உட்காராத குறை. எதிர்வீட்டுச் சடையப்பன் மாமா உன்மேல் கோபமாக இருக்கிறார். ஆரணியில் வாழ்க்கைப்பட்டவள் டி.வி.யில் காஞ்சிபுரம் கட்டுகிறாளே, இது நியாயமா என்கிறார். அது பட்டே இல்லை மாமா, பாலியெஸ்டர் என்றேன். கோபம் இரண்டு மடங்காகிவிட்டது.

உன் டி.வி. வீட்டுக்காரர் வேணுகோபால் இங்கே எல்லாருக்கும் செல்லம். அவர் ஏதாவது உடைத்துவிட்டு முழிக்கும்போது நீ இடுப்பில் கை வைத்து, உங்கள வச்சிகினு நான் இன்னாத்த பண்றது என்று கேட்கிறாயே, அப்போது ஒருவரும் டி.வி.யைப் பார்ப்பதில்லை. என்னைத்தான் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறார்கள். நான் தறியில் இழை அறுக்கும்போதெல்லாம் நீ கேட்டதுதானே அது. தமிழ்நாடு முழுக்க அதற்குச் சிரிக்கிறதாம். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. திட்டு வாங்கவாவது ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

நீ முதன்முதலில் தூர்தர்ஷன் நாடகத்தில் காய்கறிக்காரியாக வந்தது நினைவிருக்கிறதா? பேச்சு இரண்டே வரி. அதற்கு நாம் விடியற்காலை பஸ் பிடித்து மெட்ராஸ் போனோம். வழியெல்லாம் அந்த இரண்டு வரியையே நீ சொல்லிப் பார்த்ததில், ஆற்காடு தாண்டுவதற்குள் கண்டக்டருக்கும் மனப்பாடம் ஆகிவிட்டது. இன்று கோமளாவாக அரை மணி நேரமும் நீதான் பேசுகிறாய். டைட்டிலில் அபிதகுசாம்பாள் என்று போட்டால் இடம் போதாது என்று அபிதாஸ்ரீ ஆக்கிவிட்டார்கள். அருணாசலேசுவரர் வீட்டம்மா பேரையே வெட்டிட்டானுங்களே என்று உன் தெய்வநாயகி அத்தைக்கு இன்னும் ஆறவில்லை.

அத்தை விஷயத்துக்கு வருகிறேன். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

கோமளா முழுகாமல் இருக்கிறாள் என்று கதை திரும்பியதும் தெருவில் எல்லாரும் சிரித்துவிட்டுப் போய்விட்டார்கள். அத்தை போகவில்லை. உனக்கு வயிற்றில் கட்டுவது தலையணைதானே என்று என்னைக் கேட்டாள். ஆமாம் என்றேன். சும்மா கட்டினாலும் வயிறு வயிறுதான்டா, ஊர்க் கண்ணெல்லாம் அதும்மேலதான், கட்டினத சும்மா கழட்டிப் போட்டா நாளைக்கு நிஜமா தங்காது, வளையல் அடுக்கித்தான் இறக்கணும் என்கிறாள். எந்தச் சாஸ்திரத்தில் இருக்கிறது என்றேன். எல்லாத்தயும் எழுதியா வெச்சிருக்காங்க, ஜல்தியா அவள வரச் சொல்லு என்கிறாள். படவேட்டு ரேணுகாம்பாளுக்கு வேண்டிக்கொண்டு மஞ்சள் துணியில் காசும் முடிந்துவிட்டாள்.

தொடரில் வளைகாப்பு வருவது செப்டம்பர் 12 என்று நீ சொல்லியிருந்தாய். அத்தையும் அதே நாளைக் குறித்துவிட்டாள். அவ அம்மா இருந்திருந்தா அவங்க செய்வாங்க, இல்லாததால அவ அப்பாவோட தங்கச்சி நான் செய்றேன் என்கிறாள். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது, உனக்கே தெரியும். ஆனாலும் நீ வருவதற்கு ஒரு காரணம் கிடைத்ததே என்று நானும் தலையாட்டிவிட்டேன். பொங்கலுக்கு வந்தவள் நீ. ஒரு நாள் வந்துவிட்டுப் போ.

இப்படிக்கு,
உன் குமரேசன்


ஆரணி,
13.9.2002

அன்புள்ள அபிதாவுக்கு,

ஷூட்டிங் இருக்கிறது, அத்தையைச் சமாதானம் செய்யுங்கள் என்று நீ எழுதிய கார்டு கிடைத்தது. சமாதானம் செய்யத்தான் போனேன். அத்தை கார்டை வாங்கி மடித்து மாடத்தில் வைத்தாள். அவ வராட்டி இன்னா, வியாழக்கெழம டி.வி.யில வராளே என்றாள்.

நேற்று விளையாட்டாகத்தான் ஆரம்பித்தது. டி.வி.யைக் கழுவாத குறையாகத் துடைத்து, மாலை போட்டு, முன்னால் கோலம். புளிசாதம், தேங்காய்ச் சாதம், எலுமிச்சைச் சாதம், சர்க்கரைப் பொங்கல் என்று அத்தை விடிந்ததிலிருந்து அடுப்படியில். தட்டு நிறையப் பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி வளையல். பெண்கள் எல்லாரும் பட்டுப் புடவையில் வந்தார்கள். சடையப்பன் மாமா, இன்னைக்காவது இந்த வீட்டுல அசல் ஆரணிப் பட்டப் பாத்தேன் என்றார். எல்லாரும் சிரித்தோம்.

எட்டு மணிக்கு நீ வந்தாய். உன் டி.வி. மாமியார் வளையல் அடுக்கினார். வேணுகோபால் ஒரு வளையலைத் தன் கையில் மாட்டிக்கொண்டு கழற்ற முடியாமல் துள்ளினார். இங்கே வயிறு வலிக்கச் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். நான் மட்டும் உன்னையே பார்த்துக்கொண்டிருந்தேன். உண்மையில் சிரிப்பு வந்தால் நீ முந்தானையால் வாயைப் பொத்துவாய். நேற்று உன் கை முந்தானைக்குப் போகவில்லை. மடியிலேயே இருந்தது. நீ அந்த வளையல்களைப் பார்த்த பார்வையை எந்த டைரக்டரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்.

எனக்கு மட்டும்தான் தெரிந்தது என்று நினைத்தேன். திரும்பிப் பார்த்தால் அதுவரை சிரித்துக்கொண்டிருந்த பெண்கள் ஒருவரும் இப்போது சிரிக்கவில்லை. டி.வி.யில் பின்னால் போடுகிற அந்தச் சிரிப்புச் சத்தம் மட்டும் நிற்காமல் வந்துகொண்டிருந்தது.

அத்தை அதுவரை அடுப்படி வாசற்படியிலேயே நின்றிருந்தாள். அவள் வீட்டுக்காரர் காலமானதிலிருந்து இந்த மாதிரி விசேஷங்களில் அவள் சமைப்பதோடு சரி, கூடத்துக்கு வரமாட்டாள். நேற்று வந்தாள். சந்தனத்தைத் தொட்டு டி.வி. கண்ணாடியில் உன் கன்னத்தில் வைத்தாள். அதற்குள் காட்சி மாறி வேணுகோபால் வந்துவிட்டார், சந்தனம் அவர் மீசைமேல் இருந்தது. யாரும் சிரிக்கவில்லை. அத்தையிடம், நீ வைக்கலாமா என்று யாரும் கேட்கவும் இல்லை.

எல்லாரும் சாப்பிட்டுப் போன பிறகு அத்தை சொன்னாள். பொங்கலுக்கு நீ வந்தபோது என் சித்தப்பா பெண் ஜெயப்ரியாவின் வளைகாப்புக்கு வந்தவாசி போனோமே, அங்கே நடந்ததை. நான் ஆண்கள் பக்கம் சாப்பாட்டில் உட்கார்ந்திருந்தேன். நீ வளையலை எடுத்து ஜெயப்ரியா கையைப் பிடித்தபோது யாரோ ஒருத்தி தட்டை நகர்த்தினாளாம். புள்ள பெத்தவங்க மொதல்ல போடட்டும்மா என்றாளாம். நீ வளையலைத் தட்டிலேயே வைத்துவிட்டுச் சிரித்துக்கொண்டே எழுந்துவிட்டாயாம். மறுநாள் முதல் பஸ்ஸில் மெட்ராஸ் கிளம்பிவிட்டாய். அவசர ஷூட்டிங் என்று என்னிடம் சொன்னாய். அந்த வாரம் தொடரில் உன்னைப் பார்த்து ஊரே உருண்டு சிரித்தது. நானும்தான் சிரித்தேன்.

அதனால்தான் வளையல் அடுக்கித்தான் இறக்க வேண்டும் என்று அத்தை புதுச் சாஸ்திரம் பேசினாள் என்று இப்போது புரிகிறது. அப்படியா அத்தை என்று கேட்டால் ஒத்துக்கொள்ள மாட்டாள். திருஷ்டிடா, ஒனக்கு இன்னா தெரியும் என்கிறாள்.

அபிதா, கல்யாணமான ஒன்பது வருஷத்தில் விசேஷம் உண்டா, விசேஷம் உண்டா என்று இந்த ஊர் உன்னைக் கேட்டுப் பேஜார் பண்ணியது எனக்குத் தெரியாததா? மெட்ராஸில் யாரும் உன்னை அதைக் கேட்பதில்லை. அங்கே இருப்பது உனக்கு நிம்மதி என்றால் நான் குறுக்கே நிற்க மாட்டேன். நீ நடிப்பை விட வேண்டும் என்று சொல்லவும் மாட்டேன். நீ கோமளாவாக வரும் அரை மணி நேரம்தான் எனக்கு வாரம். ஆனால் வேலை இருப்பதால் வரவில்லை என்பது ஒன்று, இந்த ஊருக்குப் பயந்து வரவில்லை என்பது வேறு. இரண்டாவதை என்னால் தாங்க முடியவில்லை. எனக்குப் பிள்ளை வேண்டும் என்று கூப்பிடவில்லை. உன்னைப் பார்க்க வேண்டும். உன்னோடு ஒரு வேளை சேர்ந்து சாப்பிட வேண்டும். அவ்வளவுதான்.

அடுத்த மாதம் கோமளாவுக்குப் பிள்ளை பிறந்துவிடும் என்றாயே, அதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வா. டி.வி.க்கு வைத்தது சேராது, அவள் கைக்குத்தான் போட வேண்டும் என்று அத்தை சொல்லிவிட்டாள். முதல் வளையலை யார் போடுவது என்று என்னைக் கேட்டுவிட்டு, கேட்டதற்கே வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். நீதான் போடப் போகிறாய் அத்தை என்று சொல்லிவிட்டேன்.

தெருவில் எல்லாரையும் கூப்பிடுவேன். வந்தவாசிக்காரர்களையும் கூப்பிடுவேன். யார் வந்து எந்தத் தட்டை நகர்த்துகிறார்கள் என்று பார்க்கிறேன். இந்தத் தடவை நான் ஆண்கள் பக்கம் உட்கார மாட்டேன். உன் பக்கத்தில்தான் நிற்பேன். வந்துவிடு, அபிதா.

உன் வீட்டுக்காரன்,
குமரேசன்