பாதியில் நின்ற தாடை லேசர் சிகிச்சையை முடித்துத் தரக் கோரும் மனு

அனுப்புநர்
ரஹ்மத்துன்னிசா,
க/பெ. அபுபக்கர் (காலஞ்சென்றவர்),
பள்ளிவாசல் தெரு, ஸ்ரீவில்லிபுத்தூர்.

பெறுநர்
இணை இயக்குநர் அவர்கள்,
மருத்துவ நலப் பணிகள்,
விருதுநகர் மாவட்டம்.

பொருள்: ராஜபாளையம் நல்முகம் அறக்கட்டளைப் பல் மருத்துவமனை – குணமாகாத என்னைக் குணமானவள் என்று படம் மாட்டி, சிகிச்சை தர மறுப்பது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் ஐந்தாவது வரை படித்தவள். மூத்த பேரன் ஹபீப் ரகுமான் ராணுவத்தில் நாயக். அடுத்தவன் முகமது ரியாஸ் கைப்பந்தில் மாவட்டக் கோப்பை வாங்கியவன். பேத்தி ஜுவைரியா பிளஸ் டூ கணக்கில் நூற்றுக்கு நூறு. இதைப் பெருமைக்கு எழுதவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் விசாரிப்பவர்களிடம் இந்த மூன்று பேரையும் சொல்லி முடிப்பதற்குள் காதோரம் தாடை பூட்டிக்கொள்கிறது. சோற்றைக் கரைத்துத்தான் குடிக்கிறேன்.

2. மேற்படி மருத்துவமனையில் கன்னத்தின் மேல் லேசர் வெளிச்சம் வைத்தார்கள். சூடும் இல்லை, வலியும் இல்லை. சில தடவையிலேயே மூன்று விரல் நுழையும் அளவுக்கு வாய் திறந்தது. சந்தோஷத்தில் படம் எடுத்தார்கள். பாதிதான் முடிந்திருக்கிறது, விடாமல் வர வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னார்.

3. அந்நேரம் ரமலான் பிறந்தது. வெளிச்சம் கன்னத்துக்குள் இறங்குகிறதே, நோன்பு முறிந்துவிடுமோ என்று நானாகவே நின்றுவிட்டேன். முறியாது என்று எங்கள் பள்ளிவாசல் ஹஜ்ரத் சொன்னது பெருநாளுக்குப் பிறகுதான். அதற்குள் வலி திரும்பிவிட்டது.

4. மறுபடி போனபோது டாக்டரம்மா மாறுதலாகிப் போயிருந்தார். என் படம் "பூரண குணம் பெற்றவர்" என்ற எழுத்தோடு சுவரில் இருந்தது. சீட்டு போடும் வெங்கடேஸ்வரி, "ஏன் ஆச்சி, செவத்துல அம்புட்டு பெருசா வாயத் தொறந்து நிக்கீங்க, பொறவு என்ன வலி?" என்று சிரித்தாள். மேலாளரோ, குணமானவருக்கு மறுபடி இலவசச் சிகிச்சை தர விதி இல்லை என்று முடித்துவிட்டார். பஸ் ஏறிப் போவதும் திரும்புவதுமாக அலுத்துவிட்டது ஐயா.

5. ஆகவே மீதிச் சிகிச்சையைத் தரும்படி தாங்கள் உத்தரவிட வேண்டும். அதற்கு வழியில்லை என்றால், இன்றைக்கு ஒரு விரல்கூட நுழையாத என் வாயைப் புதிதாகப் படம் எடுத்து, பழையதை இறக்கிவிட்டு, அதே இடத்தில் ஒட்டச் சொல்லுங்கள்.

இடம்: ஸ்ரீவில்லிபுத்தூர்
நாள்: 16.06.2025

தங்கள் பதிலை எதிர்பார்த்திருக்கும்,
(ஒப்பம்) ரஹ்மத்துன்னிசா