ஓட்டலைங்க, உருட்டிட்டுப் போறேன்

ஞாயிறு ராத்திரி.

பேத்தியைக் கூட்டிப் போக மாப்பிள்ளை மத்தியானம் பைக்கில் வந்தார். கிட்டே வந்ததும் பிராந்தி வாடை.

"குடிச்சிட்டு வண்டி ஓட்டலாமுங்களா மாப்பிள்ளை?" என்று கேட்டேவிட்டேன்.

"எங்கூரு கிளியூர் வரைக்கும் இறக்கந்தானுங்க அத்தை. எஞ்சினை ஆஃப் பண்ணிட்டு உருட்டிட்டே போயிருவேன். ஓட்டினாத்தானே தப்பு?" என்று சிரித்தார்.

பெட்ரோல் மிச்சம் பண்ண இந்த மலையில் எல்லோரும் அப்படித்தான் இறங்குகிறார்கள். குடித்த மனசுக்கு அதுவே ஒரு சாக்காகிவிட்டது.

பின்னால் ஏறி உட்கார்ந்திருந்த பேத்தியை இறக்கினேன். "நீங்க உருண்டு போங்க. புள்ளை நாளைக்கு பஸ்ஸுல வரும்" என்றேன். மாப்பிள்ளையிடம் ஒரு நாளும் இப்படிப் பேசினதில்லை. பேசினதில் எனக்கு வருத்தமும் இல்லை.

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, எஞ்சின் சத்தமே இல்லாமல் வளைவில் இறங்கிப் போனார். நல்லபடியா ஊடு சேரட்டும் என்று சாமியை நொம்ப வேண்டிக்கொண்டேன்.

சேர்ந்ததும் போன் பண்ணினார். "பாத்தீங்களா அத்தை, ஒண்ணும் ஆகலையே!"

ஒவ்வொரு தடவையும் இப்படிப் போய்ச் சேர்ந்துவிடுவதுதான் அவருக்குத் தைரியம். இன்றைக்கு அதற்கு என்னையும் சாட்சியாக்கிவிட்டார். சேர்ந்தாரே என்று சந்தோஷப்படவும் பயமாக இருக்கிறது.