காலி இடத்தில் எங்கள் தெரு

மார்ச் 3, செவ்வாய்

மாடிப்படிக்குக் கீழே உள்ள கான்கிரீட் அறைக்குத் 'தீப்பெட்டி' என்று பெயர் வைத்தது நான்தான். அபாயச் சங்கு ஊதியதும் அப்பா, அம்மா, அக்கா, நான் – நாலு குச்சிகளும் உள்ளே போய் அடுக்கிக்கொள்ள வேண்டும். இன்று அம்மா தலையில் ஷாம்பூ நுரையோடு ஓடிவந்தாள். ஊதியது சங்கு இல்லை, என் வாய். அதன்பின் எனக்குச் சங்கு ஊதியவள் அம்மா. மறிக்க ஒரு நாதி இல்லை.

மார்ச் 5, வியாழன்

அக்கா வீட்டுக்காரர் லீவில் வந்திருக்கிறார். வருகிற ஏவுகணையை வானத்திலேயே மறித்து உடைக்கும் பிரிவில் ரேடார் பார்ப்பவர்.

"எப்படி அத்தான் கரெக்டா போய் மோதுது?"

"மோதணும்னுகூட இல்ல. அங்க கிளம்பினதுமே ரேடார் பாத்துடும். எங்க விழும்னு கம்ப்யூட்டர் கணக்குப் போடும். நாங்க ஒண்ணு விடுவோம். பாதி வழி வரைக்கும் நாங்க கீழேர்ந்து திருப்புவோம். கடைசில அதுவே மோப்பம் பிடிச்சு, கிட்ட போய் வெடிக்கும். குண்டைத் தேடிப் போற குண்டு."

"அக்கா உங்களைத் தேடி வந்த மாதிரி."

அக்காவிடமிருந்து தலையணை பறந்து வந்தது. எனக்கு விட்டது அத்தான் மூக்கில். இவரால் தலையணையையே மறிக்க முடியவில்லை. நாடு உருப்பட்ட மாதிரிதான்.

"வர்ற எல்லாத்துக்கும் விடுவீங்களா?"

"கட்டுப்படியாகாது. காலி இடத்துல விழும்னா, விழட்டும்னு விட்டுடுவோம்."

மார்ச் 6, வெள்ளி

நகரத்துக்கு வருவதெல்லாம் வானத்திலேயே வெடிக்கிறது. எங்கள் பக்கம் மட்டும் தரைக்கு வருகிறது. பின்னால் உள்ள பொட்டல் முழுக்கக் குழிகள். ஏன்?

பம்ப் ஹவுஸையும் எங்கள் குடியிருப்பையும் போன வருடம்தான் கட்டினார்கள். அதற்கு முன்பு இங்கே ஒன்றும் இல்லை. "உங்க கம்ப்யூட்டர்ல நாங்க இருக்கோமா அத்தான்?" சிரிப்பார் என்று நினைத்தேன். போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

மார்ச் 7, சனி

இல்லை. கம்ப்யூட்டரில் இருப்பது பழைய வரைபடம். நாங்கள் காலி இடம்.

"கொஞ்ச நாள் எங்கயாவது போயிடுங்க மாமா."

"பம்பை யாரு ஓட்டறது? ஊருக்கே தண்ணி இங்கேர்ந்துதான் போகுது. ஆபரேட்டர் நகரக் கூடாதுன்னு உத்தரவு."

அப்பாவை விட்டு அம்மா வரமாட்டாள். என்னை மட்டும் அனுப்பலாம் என்றால், "இந்த வாலை யாரு வச்சுக்குவா?" என்கிறாள்.

மார்ச் 9, திங்கள்

இன்று இன்னும் கிட்டே விழுந்தது. சுவர் அசைஞ்சுது. எனக்கு ஒரு ஜோக்கும் வரலை.

மார்ச் 14, சனி

அத்தான் யார் யார் காலிலோ விழுந்து எங்களை வரைபடத்தில் ஏற்றிவிட்டார். ஆனால் நகரத்திலிருந்து விட்டால் எட்டாதாம். அதனால் ஏவுகிற வண்டி ஒன்றை எங்கள் பொட்டலுக்கே கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள். தெருவே கை தட்டியது. நான் விசில்.

மார்ச் 16, திங்கள்

முதல் முறையாக எங்களுக்கென்று ஒன்று மேலே போனது. ஜன்னல் கண்ணாடி எல்லாம் காலி, ஆட்கள் பத்திரம். கண்ணாடித் தூளைப் பெருக்கிக்கொண்டே அம்மா சிரித்தாள்.

மார்ச் 18, புதன்

அத்தான் அரை நாள் லீவு கேட்டு வந்தார். அக்காவைத் தன் அம்மா வீட்டில் கொஞ்ச நாள் விடப்போகிறாராம்.

"இப்பதான் காவல் வந்துடுச்சே மாப்ள?"

"வந்துடுச்சு மாமா."

வாசலில் பைக்கை உதைத்தபோது நான் மெல்லக் கேட்டேன்: "எதிரிங்க முதல்ல எதை உடைக்கப் பாப்பாங்க அத்தான்? மறிக்கிற வண்டியையா?"

ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார். கொஞ்ச நாள் என்றவர், அக்காவின் ஸ்வெட்டரையும் எடுத்து வைத்திருந்தார். குளிர்காலத்துக்கு இன்னும் எவ்வளவோ மாதம் இருக்கிறது.