ஆடாமல் எழுதிய ஐந்தாவது ஆட்டம்

ஜூன் 3, 2025 – செவ்வாய்

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை பற்றிய செய்தியை முடித்து அனுப்பினேன். பழைய கணினியும் கீபோர்டும் விற்பவர்கள் இருபத்து மூன்று பேர். சந்தையின் இரண்டு முனைகளிலிருந்தும் தனித்தனியாக எண்ணி, இரண்டு தடவையும் ஒரே எண் வந்த பிறகுதான் எழுதினேன்.

மதியம் தாவீது கூப்பிட்டான். நாளிதழில் முப்பத்தொரு வருடம் முடித்து வீட்டில் இருந்த என்னை நாலு வருடம் முன் இந்தத் தாம்பரம் வார இதழுக்கு இழுத்து வந்தவன். ஆசிரியர், ஆனால் என்னைவிட இருபது வயது சின்னவன். ‘இடைவேளை’ பக்கத்துக்கு ஒரு கட்டுரை வேண்டுமாம். அலுவலகம் போகிறவர்கள் பத்து நிமிட ஓய்வில் ஆட, டவுன்லோட் எதுவும் வேண்டாத, பிரவுசரிலேயே ஆடக்கூடிய இலவச விளையாட்டுகள் ஐந்து. வேறு யாரிடமாவது கேளேன் என்றேன்.

“சின்னப் பசங்க எழுதினா விளம்பரம்னு நெனப்பாங்கண்ணா. நீங்க எழுதினா நம்புவாங்க.”

இதைக் கேட்டு உள்ளூரக் குளிர்ந்துபோனேன். அதையும் எழுதி வைக்கிறேன்.

ஜூன் 5 – வியாழன்

கட்டுரை கொடுத்தாகிவிட்டது. சீட்டு அடுக்கும் ஆட்டத்தை ஒரு மணி நேரம் ஆடினேன். எழுத்துக்கட்டத்தை இரண்டு நாளாக ஆடுகிறேன், நன்றாக இருக்கிறது. பலூன் உடைப்பதும் பழம் வெட்டுவதும் தலா அரை நிமிடம். அதற்குள் கண் எரிந்தது.

ஐந்தாவதை ஆடவில்லை. ‘லைன் கிளியர்’ என்று பெயர். நாலு திசையிலிருந்து மின்சார ரயில்கள் வரும், ஒன்றோடொன்று மோதாமல் தண்டவாளத்தை மாற்றி விட வேண்டும். தாம்பரத்துக்காரர்களுக்குப் பிடிக்கும் என்று தோன்றியது. யாரோ ஒருவர் ஆடிக் காட்டும் வீடியோவைப் பார்த்தேன். அது மூன்று நிமிடம், அதனால் மூன்று நிமிட ஆட்டம் என்று எழுதினேன். அதில் ஓரிடத்தில் எல்லா ரயில்களும் நிற்கின்றன, அவர் ஏதோ விளக்குகிறார். எனவே, ‘நடுவில் எழுந்து போனாலும் ரயில்கள் அப்படியே காத்திருக்கும்’ என்றும் எழுதினேன். கடைசி வரி: ‘ஐந்தையும் நானே ஆடிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.’

இந்த வரியை யாரும் கேட்கவில்லை. தாவீதும் சேர்க்கவில்லை.

கூட்டத்துக்குப் போகாமல், பிரஸ் நோட்டை வைத்துக் கூட்டச் செய்தி எழுதுவது எங்கள் தொழிலில் எல்லோரும் செய்கிற காரியம். மழையில் கலைந்துபோன கூட்டத்தைக்கூடச் செய்தியில் சிறப்பாக நடத்தி முடித்தவர்களை எனக்குத் தெரியும். ஆனால் அங்கே யாரும் ‘நான்’ என்று எழுதுவதில்லை.

விளையாட்டுதானே. விடு.

ஜூன் 6 – வெள்ளி

கட்டுரை வந்தது. என் புகைப்படத்தையும் போட்டிருக்கிறான்.

ஜூன் 14 – சனி

மீன்பிடித் தடைக்காலம் இன்றோடு முடிகிறது. இனி விலை இறங்கும் என்றார் கிளியம்மாள். பனையூர் குப்பத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்து செம்பாக்கத்தில் எங்கள் தெருமுனையில் மீன் விற்பவர். ஒன்பது வருடப் பழக்கம். குப்பத்துக்குக் குடிநீர் லாரி வராததைப் பற்றி நான் எழுதிய பிறகு லாரி வந்தது. அதிலிருந்து என் பெயர் வந்த பக்கத்தை எடுத்து வைத்துக்கொள்வார்கள்.

அவர் மருமகள் சரிதாவுக்கு இங்கேதான் ஒரு ஸ்கேன் சென்டரில் கவுன்ட்டர் வேலை. நான் அந்தப் பெண்ணைப் பார்த்ததில்லை.

“எங்க சரிதா உங்கள்த படிச்சிகினு இருந்துச்சு சார். இன்னாடி அதுன்னேன். நம்ம சார் அஞ்சு ஆட்டம் சொல்லிகீறாரு, சோத்து நேரத்துல ஆடலாம்னுச்சு. அவரு சொன்னா கரெக்டா இருக்கும்னு நானும் சொன்னேன்.”

நெத்திலி வாங்கிக்கொண்டு வந்தேன். நடை கொஞ்சம் நிமிர்ந்தே இருந்தது என்று நினைக்கிறேன்.

ஜூன் 24 – செவ்வாய்

தாவீது ஒரு வீடியோ அனுப்பினான். நாற்பத்தொரு விநாடி. நம் பகுதியில் ஒரு ஸ்கேன் சென்டர். முதியவர் ஒருவரும் மனைவியும் கவுன்ட்டர் முன் நிற்கிறார்கள். உள்ளே இருக்கும் பெண் கணினியை விட்டுக் கண்ணை எடுக்காமல், ‘இருங்க’ என்று ஒரு கையைக் காட்டுகிறாள். மறு கை மவுஸைத் தட்டிக்கொண்டே இருக்கிறது. எடுத்தவர் எட்டிக் காட்டும்போது திரையில் ஏதோ வண்ணமாக ஓடுகிறது. எழுபதாயிரம் பேர் பார்த்துவிட்டார்களாம். இணையதளத்துக்கு அரை மணியில் செய்தி வேண்டும், வெள்ளிக்கிழமை இதழிலும் வரும் என்றான்.

சென்டர் மேலாளரிடம் பேசினேன். ஊழியரை நிறுத்திவிட்டோம் என்றார், பெயர் சொல்லவில்லை. முதியவர் தசரதன், கேம்ப் ரோடு. அவரிடமும் போனில் பேசினேன். அந்தப் பெண்ணின் எண்ணை மேலாளரிடம் கேட்டேன், தரவில்லை. அதோடு விட்டுவிட்டேன். ‘ஊழியரின் கருத்தை அறிய முடியவில்லை’ என்று எழுதினேன். பன்னிரண்டு வரி. தலைப்பு: ‘வரிசையில் முதியவர், விளையாட்டில் ஊழியர்’. தலைப்பு நன்றாக அமைந்தது என்றான் தாவீது.

ஜூன் 25 – புதன்

கிளியம்மாள் இன்று வரவில்லை.

ஜூன் 28 – சனி

இன்று வந்தார். என்னைப் பார்த்ததும் கூடையை மூடவில்லை, ஒன்றும் செய்யவில்லை. பக்கத்தில் நின்ற பெண்ணுக்கு மீன் வெட்டிக் கொடுத்து அனுப்பிவிட்டுக் கத்தியைக் கழுவிக்கொண்டே சொன்னார்.

“நீங்க போட்டீங்களே சார், ஸ்கேன் சென்டர்ல ஆட்டம் ஆடிச்சின்னு. அது எங்க சரிதா.”

மருமகளுக்கு ஸ்கேன் சென்டரில் வேலை என்று இவர் சொன்னது அன்றைக்கு எனக்கு நினைவுக்கே வரவில்லை. வேலைக்கு வராதே என்று அன்றைக்கே சொல்லிவிட்டார்களாம். பெண் வீட்டில் பேசுவதில்லையாம்.

“சோத்து நேரத்துலதான் ஆடிச்சாம். பெரியவரு வந்ததும் மூடப் பாத்துகீது. அந்த ஆட்டம் மூட மாட்டேன்னுடுச்சாம். அத மூட முடியாம தவிச்சிகினு கீறத எவனோ படம் புட்ச்சிட்டான். அந்த ரயில் ஆட்டம் சார், நீங்க சொன்னது. எழுந்தா அப்படியே நிக்கும்னு எழுதிகீறீங்களாமே. நீங்க ஆடுனப்ப நின்னுச்சா சார்?”

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். மருமகள் ஏதோ தப்பாக அமுக்கிவிட்டாளோ என்ற சந்தேகம் அந்தக் குரலில் இருந்தது.

நான் சொன்னது: “நின்னதாத்தான் ஞாபகம்மா.”

என்ன மனுஷன்டா நீ.

அதே நாள், மாலை

ஆடினேன். கைக்கடிகாரத்தைக் கழற்றி எதிரே வைத்துக்கொண்டு.

முதல் சுற்று முடியப் பத்தொன்பது நிமிடம். மூன்று அல்ல. எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன், நாலு ரயில்கள் மோதிக் கிடந்தன. நிறுத்தும் வசதியே கிடையாது. வீடியோவில் நின்றது ஆட்டம் அல்ல, பேசுவதற்காக அவர் தன் வீடியோவை நிறுத்தியிருக்கிறார். நடுவில் வெளியேறப் பார்த்தால் ஒரு விளம்பரம் திரை முழுவதையும் மூடிக்கொள்கிறது. அதை மூடப் பெருக்கல் குறி இல்லை. வேறு எதையும் திறக்க விடுவதில்லை. தட்டத் தட்டப் புதுப் படம் வருகிறது. ஐந்து தடவை பார்த்தேன். குறைந்தது நாற்பது விநாடி, கூடியது ஐம்பத்திரண்டு.

அந்த வீடியோ நாற்பத்தொரு விநாடி.

அவள் ஆடிக்கொண்டிருக்கவில்லை. நான் எழுதியதை நம்பி உள்ளே போய், வெளியே வர வழி தேடிக்கொண்டிருந்தாள். அதைத்தான் ‘விளையாட்டில் ஊழியர்’ என்று எழுதினேன். பலூனையும் பழத்தையும் அரை நிமிடம் தொட்ட மாதிரி இதையும் தொட்டிருந்தால்கூடத் தெரிந்திருக்கும்.

தசரதனுக்கு மறுபடி போன் செய்தேன். செவ்வாய்க்கிழமை நோட்டுப் புத்தகத்தில் நானே குறித்த அவர் வார்த்தைகளைப் படித்துக் காட்டினேன்: “கொஞ்ச நேரம் ஆச்சு சார். பரவாயில்ல.” ஆமாம், அப்படித்தான் சொன்னேன் என்றார். அச்சில் வந்தது: ‘நீண்ட நேரம் காக்கவைக்கப்பட்டதாக வேதனையுடன் தெரிவித்தார்.’ படித்தபோது தனக்கே வருத்தமாக இருந்தது என்றார். என்னைக் கூப்பிட்டுக் கேட்கலாமா என்று யோசித்தாராம், பெரிய பத்திரிகைக்காரர், ஏதாவது காரணம் இருக்கும் என்று விட்டுவிட்டாராம்.

வேதனையுடன். முப்பத்தைந்து வருடத்தில் எத்தனை பேரை வேதனைப்படுத்தியிருப்பேன், அவர்களைக் கேட்காமலே?

ஜூன் 29 – ஞாயிறு

என் செய்திக்கு நானே ஒரு மறுப்பு எழுதி எடுத்துக்கொண்டு பனையூர் குப்பத்துக்குப் போனேன். வாசலில் வலை பிரித்துக்கொண்டிருந்த சரிதாவின் கணவன் லோகு என்னைப் பார்த்து எழுந்திருக்கவில்லை. கிளியம்மாள்தான் நாற்காலி போட்டார். அவரிடம் முதலில் சொன்னேன். நேற்று சொன்னது பொய்ம்மா, நான் அந்த ஆட்டத்தை ஆடவே இல்லை என்று. அவர் கேட்டார்:

“அப்ப நேத்து எதுக்கு சார் நின்னுச்சுன்னீங்க? நா உங்கள அடிக்கவா போறேன்?”

சரிதா உள்ளிருந்து வந்தாள். முப்பது வயது இருக்கும். உட்காரவில்லை. அன்றைக்கு நடந்ததை நேரத்தோடு சொன்னாள். ஒன்றரையிலிருந்து இரண்டு வரை அவளுக்குச் சாப்பாட்டு நேரம். தசரதன் வந்தபோது 1.54. இன்னும் ஆறு நிமிடம் அவளுடையது. பெரியவர் நிற்கிறாரே என்றுதான் ஆட்டத்தை விட்டு வெளியேறப் பார்த்தாள். டோக்கன் போடும் திரை வரவே இல்லை. இதை அவளிடம் இதுவரை ஒருவரும் கேட்கவில்லை. மேலாளரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

எழுதி வந்ததைப் படித்துக் காட்டினேன். மீனவக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டு, கூடை சுமக்கும் மாமியாரின் துணையோடு படிப்பை முடித்து என்று ஒரு பத்தி வைத்திருந்தேன். நன்றாக எழுதியிருக்கிறேன் என்றுகூட ஷேர் ஆட்டோவில் நினைத்துக்கொண்டு வந்தேன். அவள் அங்கேயே நிறுத்தினாள்.

“இதை எடுத்துடுங்க சார். பாவம்னு பேசுவாங்க, வேலை குடுக்க மாட்டாங்க. என் பேரும் வேணாம். நீங்க ஆடாம எழுதினீங்க, என்னைக் கேக்காம எழுதினீங்க. அந்த ரெண்டும் இருந்தா போதும்.”

அவள் எதிரிலேயே அந்தப் பத்தியை அடித்தேன். மீதி ஒன்பது வரி. மறுபடி படிக்கச் சொன்னாள். படித்தேன். 1.54 சரியா என்று கேட்டேன். சரி என்றாள்.

ஜூன் 30 – திங்கள்

தாவீதிடம் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தான்.

“‘தவறுக்கு வருந்துகிறோம்’னு ஒரு வரி போட்டுடலாம்ணா. என்ன தவறுன்னு எவன் கேக்கப்போறான்? இது வந்தா நாளைக்கு நீங்க எண்ணி எழுதுறதையும் நம்ப மாட்டாங்க.”

அவன் சொன்னது நியாயம்தான். அப்படிப்பட்ட ஒற்றை வரிகளை எவ்வளவோ எழுதியிருக்கிறேன். எந்தத் தவறு என்று வாசகருக்குத் தெரியாதபடி எழுதுவதில் கெட்டிக்காரன் என்று பெயரும் வாங்கியிருக்கிறேன்.

ஒன்பது வரியும் வர வேண்டும், வீடியோ செய்தி வந்த அதே பக்கத்தில், அதே அளவில் என்றேன். அவன் தாளை மடித்து மேசையில் வைத்தான். பிறகு, “போட்டோ வேணாம்ல?” என்றான். போடு என்றேன். விளையாட்டுக் கட்டுரைக்குப் போட்டாயே, அதையே போடு.

இதில்கூடக் கொஞ்சம் வீம்பு இருக்கிறதோ? இருக்கிறது.

ஜூலை 4 – வெள்ளி

வந்துவிட்டது. முதல் வரி: ‘ஜூன் 6 இதழில் நான் பரிந்துரைத்த ஐந்து விளையாட்டுகளில் ஒன்றை நான் ஆடவே இல்லை. ஆடியதாக எழுதினேன். அது பொய்.’

காலையிலிருந்து போன். பழைய நாளிதழ்ச் சகா ஒருவன், உனக்கு என்ன ஆச்சு, ஒரு விளையாட்டுக்குப் போய் இப்படியா என்று சிரித்தான். இணையத்தில் நூற்றுப் பன்னிரண்டு கருத்துகள். எல்லாவற்றையும் படித்தேன். ‘மத்த நாலும் ஆடினாரா?’ என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ‘இரண்டை முழுதாக. இரண்டை அரை நிமிடம்’ என்று பதில் போட்டேன்.

எழுபதாயிரம் பேர் பார்த்த வீடியோ. நம்முடைய மறுப்பை மாலை வரை திறந்தவர்கள் அறுநூற்று நாற்பது.

ஜூலை 5 – சனி

ஸ்கேன் சென்டருக்கு நேரில் போனேன். மேலாளர் மரியாதையாக உட்காரவைத்தார். படித்தேன் சார், வருத்தம்தான், ஆனால் வேறு ஆள் போட்டாகிவிட்டது என்றார். கவுன்ட்டரில் புதுப் பெண். வெளியே வரும்போது அவளைப் பார்க்கத் தைரியம் இல்லை.

தெருமுனையில் கிளியம்மாளிடம் சொன்னேன். எதிர்பார்த்ததுதான் என்பதுபோல் தலையாட்டிவிட்டு அடுத்தவருக்கு எடை போட்டார்.

ஜூலை 12 – சனி

எழுத எதுவும் இல்லை. வீட்டில் இருக்கிறேன்.

ஜூலை 19 – சனி

சரிதாவுக்கு வேலை கிடைத்திருக்கிறது. கோவிலம்பாக்கத்தில் ஒரு கண் மருத்துவமனை, கவுன்ட்டர் வேலைதான். நேர்முகத்தில் அந்த வீடியோவைப் பார்த்திருக்கிறோமே என்றார்களாம். அவள் போனில் ஒன்பது வரியைத் திறந்து நீட்டியிருக்கிறாள். மூன்றாவதாகப் போன இடம் இது. முதல் இரண்டு இடத்தில் அதைப் படிக்கவே மறுத்துவிட்டார்கள்.

“இந்த டாக்டரம்மா முழுசா படிச்சாங்களாம் சார். படிச்சிட்டு, இந்தாளு எதுக்கு இப்படி எழுதிகீறாருன்னு கேட்டாங்களாம்.”

சரிதா என்ன சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. கிளியம்மாளும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 6 – புதன்

ஒரு மாதமாகவே எழுத்து மங்கலாகத் தெரிகிறது. கண் பரிசோதனைக்குத் தாம்பரத்திலேயே நாலு இடம் இருக்கிறது. கோவிலம்பாக்கத்துக்குப் போனேன். எதற்குப் போனேன் என்று வழி முழுதும் கேட்டுக்கொண்டேன். மன்னிப்பு வாங்கவா? அவள் நன்றாக இருப்பதைப் பார்த்து நிம்மதியாகத் தூங்கவா? இரண்டும் கேவலம். ஆனாலும் பாதி வழியில் பஸ்ஸை விட்டு இறங்கவில்லை.

கவுன்ட்டரில் சரிதா. என்னைத் தெரிந்துகொண்டாள். சிரிக்கவும் இல்லை, முகத்தைத் திருப்பவும் இல்லை. பெயர் கேட்டாள், தெரிந்த பெயரை. முகவரி, போன் எண். வயது கேட்டாள். அறுபத்தொன்று என்றேன். பிறந்த தேதி கேட்டாள். 30.7.1963 என்றேன்.

தட்டிக்கொண்டே வந்த கை நின்றது.

“அறுபத்திரண்டு சார். போன வாரமே ஆயிடுச்சு.”

ஆமாம் என்றேன். அவள் திருத்தினாள். பிறகு திரையை என் பக்கம் திருப்பி, எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னாள். எனக்குப் பின்னால் ஐந்தாறு பேர் நின்றார்கள். ஒவ்வொரு வரியாகப் படித்தேன். நான் படித்து முடிக்கும் வரை அவள் காத்திருந்தாள்.