உறவினர் சாட்சி செல்லாது

அண்ணனுக்கு,

இத்தனை காலம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும் என்று தோன்றிவிட்டது, அதனால் எழுதுகிறேன். நலம் விசாரிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம், அதுவரை மனசு இருந்தால்.

உன் விசாரணைக் குழுவின் அறிக்கை வரைவை எங்கள் கல்லூரி நூலகர் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். "சார், உங்க அண்ணன் தலைமையில வந்திருக்கு. ஆலைச் சாவைப் பத்தி இவ்வளவு தைரியமா யாரு எழுதியிருக்கா?" என்று பூரித்துப்போனார். நானே எழுதிய மாதிரி என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அரை ஆயுளாக இங்கே வேதியியல் சொல்லிக்கொடுக்கிறேன். எனக்குக் கிடைத்த ஒரே பட்டம், உன் தம்பி என்பதுதான்.

படித்தேன். முன்னுரை பிரமாதம். மறக்கப்பட்டவர்களின் மூச்சை மீட்டெடுக்கும் முயற்சி என்று எழுதியிருக்கிறாய். வேலைநிறுத்தம் செய்தவர்கள் ஆலையின் வெளுப்புக் கூடத்துக்குள் உட்கார்ந்திருந்ததையும், குளோரின் குழாய் கசிந்ததையும், கதவு திறக்காமல் அவ்வளவு பேரும் உள்ளேயே செத்ததையும், மரம் ஊறிக் கதவு இறுகிக்கொண்டது என்று நிர்வாகம் சொன்னதை அரசாங்கம் அப்படியே வாங்கிக்கொண்டதையும் விவரமாகச் சொல்லியிருக்கிறாய். கதவு இறுகவில்லை, வெளியிலிருந்து அடைக்கப்பட்டது என்று முதன்முதலாக நிரூபித்திருக்கிறாய். அதற்காக உன்னைப் பாராட்டுகிறேன். வயிற்றெரிச்சலோடுதான், ஆனாலும் பாராட்டுதான்.

செத்தவர்களில் அப்பாவும் ஒருவர் என்பதை அடிக்குறிப்பில் போட்டிருக்கிறாய். நடுநிலை என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் போலிருக்கிறது.

ஒரு சின்னத் திருத்தம் மட்டும். உள்ளே இருந்தவர்கள் முதலில் ஜன்னலுக்குத் தாவியிருப்பார்கள் என்று ஓரிடத்தில் வருகிறது. குளோரின் காற்றைவிடக் கனமானது, தரையோடு படியும். தரையில் உட்கார்ந்து போராடியவர்களில் பலருக்கு எழுந்திருக்கவே அவகாசம் இருந்திருக்காது. வருஷா வருஷம் இந்தப் பாடம் வரும்போது நான் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டுதான் சொல்லித்தருகிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கதவை அடைத்தது பெரும்பாலும் வாயிற்காவலாளியாகத்தான் இருக்க வேண்டும், சாவிக்கொத்து அவரிடம்தான் இருந்தது என்று இரண்டு பேர் தனித்தனியே உறுதிசெய்கிறார்கள் என்று எழுதியிருக்கிறாய். அந்த இரண்டு பேரும் யார்? ஆபீஸ் குமாஸ்தாக்கள். வெளுப்புக் கூடத்துப் பக்கம் மூக்கைப் பொத்திக்கொண்டுகூடப் போகாதவர்கள். காவலாளியிடம் சாவி இருந்தது உண்மைதான். ஆனால் அந்தக் கதவுக்குப் பூட்டே கிடையாது அண்ணா. வாயு விடும்போது யாரும் தெரியாமல் உள்ளே போய்விடக் கூடாது என்பதற்காக, ஒரு சிவப்புத் துணியைத் தொங்கவிட்டு, வெளியே இரும்புக் கம்பியைக் குறுக்கே தள்ளுவார்கள். அவ்வளவுதான். அப்பா வீட்டில் உட்கார்ந்து, கையால் செய்துகாட்டிச் சொல்லியிருக்கிறார். நீயும்தான் கேட்டாய். இரண்டு சாட்சி ஒத்துப்போனால் உண்மை என்பது உன் குழுவின் விதி. தெரியாத இரண்டு பேர் ஒரே தப்பைச் சொன்னாலும் ஒத்துப்போகத்தான் செய்யும்.

அக்கா என்ன பார்த்தாள் என்பது உனக்குத் தெரியும். ஆனாலும் எழுதுகிறேன். இந்தக் கடிதத்தை உனக்காக மட்டும் எழுதவில்லை.

அன்று அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோனவளைப் பெரிய வாசலில் விடவில்லை. சந்து வழியாகப் பின்பக்கம் போயிருக்கிறாள். ஆலையின் தொழிலாளர் நல அதிகாரி அந்தக் கம்பியைத் தள்ளிக்கொண்டிருந்தார். துரு ஏறியிருந்ததால் இரண்டு கையாலும் தள்ளினாராம். பிறகு கைக்குட்டையை எடுத்து உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டு திரும்பியவர், இவளைப் பார்த்துவிட்டார். "அப்பாவைத் தேடுறியா கண்ணு? அவரு அப்பவே வெளிய போயிட்டாரே. நீ வீட்டுக்குப் போ, போ" என்று சிரித்தபடியே சொன்னாராம். அவள் நம்பி வந்துவிட்டாள். சாப்பாட்டைத் திருப்பிக்கொண்டு வந்து, அப்பா சாப்பிட வெளியே போயிட்டார் என்று அம்மாவிடம் சொன்னாள். அந்த வாக்கியத்தைச் சொன்ன வாயோடு இன்னும் வாழ்ந்துகொண்டிருக்கிறாள்.

கொல்ல வேண்டும் என்று அடைத்தாரா, போலீஸ் வரும்வரை ஆட்களை உள்ளேயே வைத்திருக்க அடைத்தாரா, எனக்குத் தெரியாது. இரண்டாவதாகத்தான் இருக்கும் என்று அவர்மேல் கருணை வைத்தே யோசிக்கிறேன். ஆனால் கதவைத் தட்டிய சத்தம் ஆபீஸ் வரை கேட்டது என்று உன் குமாஸ்தாக்களே சொல்லியிருக்கிறார்கள். கேட்ட பிறகும் கம்பியை யாரும் இழுக்கவில்லை. ஏன் என்று அவரிடம் கேட்பது என் வேலையில்லை. உன் தொழில்.

சாவுச் செய்தி வந்ததுமே அக்கா தான் பார்த்ததை அம்மாவிடம் சொன்னாள். அம்மா அவள் வாயைப் பொத்தி, "இந்தப் பேச்சு இனிமே உன் நாக்குல வரக் கூடாது. நாளைக்கு நாம யாரு வாசல்ல போய் நிக்கறது?" என்றாளாம். அம்மாவின் பயம் வீண்போகவில்லை. அந்த அதிகாரி நம் வாசலுக்கே வந்தார். செத்தவனின் மூத்த பிள்ளை கெட்டிக்காரன் என்று உன்னைக் கூட்டிக்கொண்டு போய்த் தன் வீட்டில் வைத்துப் படிக்கவைத்தார். சின்னவனுக்குக் கணக்கு வராது என்று யாரோ சொன்னதால் நான் தப்பித்தேன். அன்று அழுதேன், ஒப்புக்கொள்கிறேன். பிறகு அவர் தன் பெண்ணையும் உனக்கே கொடுத்தார். இன்று உன் வீட்டு முன்னறையில் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து, தொலைக்காட்சியில் உன் பேட்டிகளைப் பார்த்துக் கைதட்டிக்கொண்டிருக்கிறார்.

உனக்கு இது தெரியாது என்று சொல்ல முடியாது. விசாரணை தொடங்கியபோது அக்கா அவ்வளவு தூரம் ரயிலேறி வந்து உன்னிடம் சொன்னாள். நீ அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, நீ சொந்தக்காரி. உன் வார்த்தையை நான் எடுத்துக்கிட்டா நாளைக்கு இந்த அறிக்கையை எவன் மதிப்பான்? குடும்பத்துல யாரையும் விசாரிக்கறதில்லைன்னு குழுவுல முடிவு பண்ணியிருக்கோம்" என்றாய். அவளும் தலையை ஆட்டிவிட்டு வந்தாள். "அவன் சொல்றதும் நியாயம்தானேடா" என்று என்னிடமே வாதாடினாள். அப்புறம் கையெழுத்துப் போட்டு முறையாக ஒரு கடிதம் அனுப்பினாள். உறவினர் என்பதால் பரிசீலிக்க இயலாது என்று இரண்டு வரி தட்டச்சில் வந்தது. நீ கையெழுத்துக்கூடப் போடவில்லை, உன் உதவியாளர் போட்டிருந்தார்.

எவ்வளவு உயர்ந்த விதி! பத்திரிகைகள் எல்லாம் அதைப் புகழ்கின்றன. சொந்த அக்காவின் சாட்சியையே ஒதுக்கிய நேர்மை என்கிறார்கள். குடும்பத்தாரைச் சாட்சியாகச் சேர்க்காவிட்டால் குடும்பத்தாரைக் குற்றவாளியாகவும் சேர்க்க வேண்டியதில்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை. ஊர் ஊராகப் போய்க் கிழவர்களையும் விதவைகளையும் பேட்டி கண்ட குழு, உன் வீட்டு முன்னறையில் இருக்கும் மனிதரை ஒரு கேள்வி கேட்கவில்லை.

காவலாளி செத்துப்போய்விட்டார், அதனால் அவருக்கு ஒன்றும் இல்லை என்று நினைத்திருப்பாய். அவர் மகள் எங்கள் தெருமுனையில் இஸ்திரி போடுகிறாள். வரைவு வெளியான செய்தி வந்த மறுநாள் முதல் அவளிடம் துணி போடுகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். ஒருத்தி கொடுத்த துணியைத் திரும்ப வாங்கிக்கொண்டே, "உங்கப்பன்தான் பூட்டினானாமே, எங்க பெரியப்பா அதுலதான் போனாரு" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். இறுதி அறிக்கை வந்து, அது செத்தவர்களுக்கு வைக்கப்போகும் நினைவுக் கல்லிலும் ஏறிவிட்டால், அந்தப் பெண் இந்தத் தெருவில் இருக்க முடியாது. போன வாரம் அக்காவிடம் வந்து, "அக்கா, உங்க தம்பி பெரிய மனுஷன், தப்பா எழுத மாட்டாரு. எங்கப்பா அப்படிச் செஞ்சிருப்பாரா? நீங்களே சொல்லுங்க" என்று கேட்டாள். அக்கா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இப்போது அந்தப் பெண் முகத்தில் விழிக்கப் பயந்து, கசங்கிய புடவையைக் கட்டிக்கொண்டு சுற்றுவழியில் கடைக்குப் போய்வருகிறாள். அக்கா இப்படி யாருக்காவது பயந்து நீ பார்த்திருக்கிறாயா?

எழுதி என்ன ஆகப்போகிறது என்கிறாள் என் மனைவி. "உங்க கையெழுத்தைப் பாத்ததுமே அவரு கண்ணாடியைக் கழட்டி வெச்சிடுவாரு. சின்ன வயசுலேர்ந்து இருக்கற பொறாமைம்பாரு" என்றாள். அவள் சொல்வதும் சரிதான். பொறாமை இருக்கிறது. நீ போட்ட புதுச் செருப்பிலிருந்து அதற்குக் கணக்கு இருக்கிறது. அதற்காக அந்தக் கதவுக் கம்பி தானாக நகர்ந்தது என்று ஆகிவிடாது.

போன மாதம் ஒரு பேட்டியில் நீ சொன்னாய். பயப்படுகிறவர்கள் பெயர் போடாமல் எழுதலாம், அப்படி வரும் ஒவ்வொரு கடிதத்தையும் குழு முழுவதும் உட்கார்ந்து உரக்க வாசிக்கும் என்றாய். அப்போதும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுத்தான் பேசினாய். நல்ல ஏற்பாடு. பெயர் போட்ட அக்காவுக்கு இரண்டு வரி பதில், பெயர் போடாதவனுக்கு முழுச் சபை. ஆகவே இதை உன் வீட்டுக்கு அனுப்பவில்லை. குழுவின் விலாசத்தை எழுதியிருக்கிறேன்.

யாரோ ஒருவர் பிரித்து வாசிக்கத் தொடங்குவார். அண்ணன் என்று எழுதியிருப்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், பஸ் கண்டக்டரையும் அப்படித்தானே கூப்பிடுகிறோம். போகப்போக ஒவ்வொருவராக உன் முகத்தைப் பார்ப்பார்கள். இது என் தம்பி எழுதியது, உறவினர் கடிதம், நிறுத்துங்கள் என்று நீ எழுந்து சொல்லலாம். விதிப்படி நிறுத்திவிடுவார்கள். ஆனால் தம்பி என்னுடையவன் என்று நீ சொன்னால், இதில் வரும் மாமனாரும் உன்னுடையவர் ஆகிவிடுவார்.

சொல்லிவிடு அண்ணா. அதற்கு மேல் நான் ஒன்றும் கேட்கவில்லை.

அண்ணியிடம் எனக்கு எந்த மனத்தாங்கலும் இல்லை, அவருக்கு இதில் ஒன்றும் தெரியாது. பக்குவமாகச் சொல். குழந்தைகள் நன்றாக இருக்கட்டும். நீயும் உடம்பைப் பார்த்துக்கொள், இராத்தூக்கம் இருந்தால் நல்லது.

வழக்கமாக இந்த இடத்தில் அன்புத் தம்பி என்று எழுதிப் பெயர் போடுவேன். பேனாவைக் கொண்டுபோய் வைத்தும் பார்த்தேன். வேண்டாம், எழுதியது யார் என்று சொல்கிற வேலை உன்னுடையது. கையெழுத்துப் போடாமலே உறையை ஒட்டித் தபாலில் சேர்க்கிறேன்.