கயிறு அவிழ்த்த நடை

திண்டிவனம்
12-6-1957

லூர்துவின் அப்பாவுக்கு,

இங்கே குதிரை சுகம். முன்னங்காலையும் பின்னங்காலையும் சேர்த்துக் கட்டி, நீங்கள் எவ்வளவு அடித்தும் அதற்குக் குலுங்காத நடை வரவில்லை. நீங்கள் பெங்களூர் போனதும் கயிற்றை அவிழ்த்தேன். பேசிப் பேசியே ஏறிப் பழகினேன். நேற்று ஒலக்கூர்வரை போனேன். கையிலிருந்த செம்புத் தண்ணீர் சிந்தவில்லை.

"கட்டாமயே எப்பிடி நடந்துக்கினு வருது பாரு!" என்றாள் பக்கத்து வீட்டுப் பாஞ்சாலி. என் இடது காதுதான் உங்களுக்குத் தெரியுமே. அவள் மறுபடி சொன்ன பிறகே கேட்டது.

பரணில் போட உங்கள் சாட்டையை எடுத்தேன். குதிரை நடுங்கிச் சுவரோடு ஒட்டிக்கொண்டது. லூர்துவும் அதன் பக்கத்தில் ஒட்டிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை வருவதாக எழுதியிருக்கிறீர்கள். வர வேண்டாம். குதிரைக்கு இப்போதுதான் பயம் தெளிந்திருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் மகளின் அம்மா