பேய்ப் படத்துக்குக் கேமரா பிடித்தவள்

ஜூன் 3, செவ்வாய்

காலையிலிருந்து மழை. செம்பனை எண்ணெய் ஆலை வாசலில் லோரிகள் வரிசையாக. குலைகளுக்கு எடை எழுதி எழுதிக் கழுத்து வலி. பத்தாங் பெர்ஜுந்தாய் டவுனில் வாங்க வேண்டியவை: வெங்காயம், கருவாடு, குளியலறை பல்பு.

சாப்பிடும்போது கணவர் பேப்பரை நீட்டினார். "வசந்தி, இங்க பாரு. உன் கூட்டாளி மதி. அரைப் பக்கம் போட்டிருக்கான்லா."

கூட்டாளியாம். சின்ன வயதில் எஸ்டேட்டில் கூடத் திரிந்தவன், இப்போது பெரிய சினிமா இயக்குநர். தாடி நரைத்தும் அழகாகத்தான் இருக்கிறான், அதுவும் எரிச்சல். பேட்டியில் சொல்கிறான்: பதினொரு வயதில், எஸ்டேட்டில், தனியாக ஒரு பேய்ப் படம் எடுத்தானாம்.

தனியாகவா? கேமரா என் அப்பாவுடையது, கல்யாண வீடுகளில் படம் பிடிக்க வைத்திருந்தது. அதைத் தோளில் சுமந்தவள் நான். அவன் வெள்ளை வேட்டியைப் போர்த்திக்கொண்டு மரங்களுக்கு நடுவே நடந்தான். அவ்வளவுதான்.

பேப்பரில் இருந்த அவன் முகத்தின் மேல் வெங்காயத் தோலைக் கொட்டினேன்.

ஜூன் 4, புதன்

வெயில். டிவியிலிருந்து ஒரு பெண் போன். மதியைப் பற்றி நிகழ்ச்சி.

"அக்கா, அந்தப் பழைய கேசட் உங்ககிட்டதான் இருக்கும்னு சார் சொன்னாரு."

"பூஞ்சை புடிச்சிருச்சும்மா. தூக்கிப் போட்டாச்சு."

பொய். அலமாரியில், கூறைப் புடவைக்கு அடியில் இருக்கிறது. சொன்னதும் மனத்துக்கு இதமாக இருந்தது. சாயங்காலம் வரை.

ஜூன் 6, வெள்ளி

அரை நாள் லீவு. கோல சிலாங்கூரில், பழைய கேசட்டைப் பென்டிரைவில் ஏற்றித் தரும் கடை. நான்தான் எடுத்தேன் என்பதற்குச் சாட்சி வேண்டும். போனது அதற்குத்தான்.

கடைக்காரர் கேசட்டைத் திரையில் போட்டுவிட்டார். வேட்டிக்குள் மதி. நடக்கிறான், விழுகிறான். படம் ஒரே ஆட்டம். பின்னால் என் குரல்.

"போதும்டா. கை வலிக்குது."

"இன்னொரு தடவ, வசந்தி. நெழலு சரியா விழல."

மறுபடி. மறுபடி. ஏழு தடவை எண்ணினேன். பிறகு, "நான் வீட்டுக்குப் போறேன்." கேமரா எதன் மேலோ உட்காருகிறது. என் செருப்புச் சத்தம் தேய்கிறது.

அதன்பின் படம் ஆடவில்லை. மதி ஓடி வருகிறான், கேமராவை நேராக்குகிறான், திரும்ப ஓடி விழுகிறான், எழுந்து மறுபடி வருகிறான். பேட்டரி தீரும்வரை. யாருமில்லை, அவன் மட்டும்.

நான் போனது சுத்தமாக நினைவில்லை.

கடைக்காரர்: "நல்லா நடிக்கிறான் பையன். யாருலா?" தெரியாது என்றேன்.

ஜூன் 7, சனி

துணி காயவில்லை. டிவிப் பெண்ணுக்கு நானே போன். கேசட் கிடைத்துவிட்டது என்றேன். நல்ல மனத்தால் இல்லை. இனி அதை வீட்டில் வைத்திருக்க முடியாது.

ஜூன் 8, ஞாயிறு

மதியே கூப்பிட்டான். எத்தனையோ வருடம் கழித்து. அதே அவசரக் குரல்.

"அன்னைக்கி ஏன் போயிட்ட?"

"கார்ட்டூன் ஓடுற நேரம்டா."

வாய்க்கு வந்ததைச் சொன்னேன். சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "நீ திரும்பி வருவேன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்" என்றான். நான் மறந்ததை அவன் வைத்திருக்கிறான். அந்த நினைவும் அவனுக்கே சொந்தம்.

புக்கிட் பெலிம்பிங்கில் வியாழக்கிழமை படப்பிடிப்பாம். "வந்து பாரேன்."

"லீவு கெடைக்காது."

ஒன்பது நாள் லீவு பாக்கி இருக்கிறது.

ஜூன் 9, திங்கள்

லீவு விண்ணப்பப் பாரம் எடுத்தேன். வியாழன், ஒரு நாள். காரணம் என்ற இடத்தில் 'நண்பரின் வேலை' என்று எழுதி, அதை அடித்துத் திருத்தினேன்.

'சொந்த வேலை.'